ஓடுகிறதா என்று கேட்காதீர்கள்

கேள்வி இதுதான்: வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழல்களால் இயங்கும் பழைய ரேடியோ, ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பழம்பொருள் கடை ஒன்றில் மரப்பெட்டி ரேடியோ கண்ணில் பட்டிருக்கிறது. முன்னால், நிலையம் சரியாகச் சிக்கியதா என்று ஒளியால் காட்டும் பச்சைக் கண், கீழே பியானோ கட்டை போல வரிசையாகப் பட்டன்கள். "1930-ஆம் வருஷத்து ஐரோப்பிய ரேடியோ, நன்றாக ஓடுகிறது" என்கிறார் கடைக்காரர். சொல்வதோ யானை விலை. வாங்கலாமா? இல்லை, இந்த மாதிரிக் கடைகளில் ரேடியோ தேடுவதே வீண்வேலையா?

வீண்வேலை இல்லை. என்னிடம் இருக்கும் ரேடியோக்களில் பாதி இப்படிப்பட்ட கடைகளில் வாங்கியவைதான். ஆனால் கடைக்காரர் பெருமையாகத் துடைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தது ஒன்றுகூட அதில் கிடையாது. எல்லாம் மேசைக்கு அடியில், தையல் மெஷினுக்குப் பின்னால், தலையில் நாலு பித்தளைச் சாமானைச் சுமந்துகொண்டு கிடந்தவை.

முதலில் விலை விஷயத்தை முடித்துவிடலாம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் பேரமும் படியாது, மனசும் கெட்டுப்போகும். அவர் கணக்கில் அது அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொருள். கடை வாடகை, பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும் இடம், வாங்குபவர் வரும்வரை மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் பணம் எல்லாம் அந்த விலைச்சீட்டில் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு, அதே மாதிரி ரேடியோவுக்கு இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் விலையையும் பார்த்து வைத்திருப்பார். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வாங்கப் போகுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். சில மாடல்களில் இரண்டு விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இந்த அலங்காரக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பும், அதுதான் நமக்குச் சாதகம். பார்க்க அழகாக இருந்தால், ஊரெல்லாம் கிடைக்கும் சாதாரண ரேடியோவுக்கும் விலை ஏறிவிடும். பார்க்க அவலட்சணமாக இருந்தால், உள்ளே தங்கமான சேஸிஸ் (வால்வுகளையும் மற்ற பாகங்களையும் தாங்கும் இரும்புச் சட்டம்) இருந்தாலும் கேட்பாரற்றுக் கிடக்கும். "அபூர்வம்" என்று சீட்டு ஒட்டியிருப்பதில் பாதி, லட்சக்கணக்கில் உற்பத்தியானவை. நாஜி ஜெர்மனியின் 'மக்கள் ரேடியோ' விஇ 301-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933 ஜனவரி 30-ஐக் குறிக்கும் எண்தான் 301. அந்த வகை ரேடியோக்கள் மில்லியன் கணக்கில் விற்றன. அதற்கு விலை ஏற்றுவது அதன் கதை, எண்ணிக்கை இல்லை. நேர்மாறாக, பிரிட்டனின் எக்கோ நிறுவனத்துக்காக வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1934-இல் வந்த ஏடி 65 என்ற வட்ட வடிவ பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) ரேடியோவுக்கு விலை ஏறினால் அதில் நியாயம் இருக்கிறது. கேட்டலின் என்ற வண்ண பிளாஸ்டிக் பெட்டியில் 1930-களின் பின்பாதியிலும் 40-களிலும் வந்த ஃபடா போன்ற அமெரிக்க ரேடியோக்களும் அப்படித்தான். அந்த பிளாஸ்டிக் வருடங்கள் போகப் போகச் சுருங்கும், விரிசல் விடும், வெள்ளை வெண்ணெய் நிறமாகப் பழுக்கும். முழுசாகத் தப்பித்தது குறைவு. இப்படிப்பட்டது வேண்டும் என்றால் பழம்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைக்காரருக்கும் தெரியும்.

சரி, கடைக்குள் போவோம். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஓடுமா?" நான் கேட்பதே இல்லை. ஓடாத ரேடியோவை ஓட வைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே மலிவான வேலை. சேஸிஸுக்கு அடியில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்களான பழைய காகிதக் கண்டன்சர்களையும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்களையும் மாற்றினாலே பெரும்பாலான வால்வு ரேடியோக்கள் வாய் திறந்துவிடும். புதுக் கண்டன்சருக்கு ஆகும் செலவு சொற்பம், வேலை தெரிந்தால் ஒரு சாயங்காலம் போதும். ஆனால் டயல் கண்ணாடி உடைந்திருந்தால்? நாலு குமிழில் ஒன்று வேறு ஜாதியாக இருந்தால்? பின்மூடி தொலைந்திருந்தால்? இவை எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே மாதிரி இன்னொரு செத்த ரேடியோ கிடைத்தால்தான் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர் மூடி மறைப்பது ஓடாத சங்கதியை. உடைந்த கண்ணாடியையும் காணாமல் போன குமிழையும் "பழசுன்னா அப்படித்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே காட்டிவிடுவார். எதற்கு விலை குறைக்க வேண்டுமோ அதை அவர் குறையாகவே நினைப்பதில்லை.

அதனால் ரேடியோவின் முகத்தைப் பார்த்து மயங்காமல், முதலில் அதைத் திருப்பச் சொல்லுங்கள். கையில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். பின்மூடியில் ஓட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாக உள்ளே ஒளியைச் செலுத்தி எட்டிப் பாருங்கள். தூசி ஒரே சீராகப் படிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். பல வருடங்களாக யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே யாரோ எதையோ கழற்றியிருக்கிறார்கள். வால்வு சாக்கெட் காலியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போச்சு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தார் மாதிரி ஒன்று வடிந்து காய்ந்திருந்தால் ஒரு காலத்தில் நன்றாகச் சூடேறியிருக்கிறது.

அப்புறம் மூக்கு. பின்மூடி ஓட்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பழைய மெழுகு, தூசி, வார்னிஷ் கலந்த வாசனை நல்ல வாசனை. கருகல் நாற்றம் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட வைக்கும். எலி மூத்திர நாற்றம் வந்தால் நான் பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன். எலி கூடு கட்டினால் ஒயரைக் கடிப்பது சின்ன விஷயம், மூத்திரம் பட்டு சேஸிஸும் காயில்களும் அரித்துப் போயிருப்பதுதான் பெரிய விஷயம். வெறும் கையால் உள்ளே துழாவவும் கூடாது. சில ரேடியோக்களில் வால்வுச் சூடு மரத்தைத் தாக்காமலிருக்க உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் தாள் ஒட்டியிருப்பார்கள். சாம்பல் நிறத்தில் நொறுங்கும் அட்டை போல ஏதாவது தெரிந்தால் சுரண்டாதீர்கள்.

டயல் கண்ணாடி பற்றி என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை ஒன்று. ஆரம்ப காலத்தில் ஒரு ஐரோப்பிய ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். அழுக்கு நன்றாகவே வந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அதில் ஹில்வர்சம், லக்சம்பர்க், ரோம் என்று மூன்று ஊர்கள் தலைகீழாக ஒட்டியிருந்தன. அந்தக் காலத்து டயலில் எழுத்துகளை உள்பக்கம்தான் அச்சடித்திருப்பார்கள். ஐம்பது அறுபது வருடம் சூட்டில் வெந்து, தூசியோடு தூசியாக நின்றுகொண்டிருக்கும். தொட்டால் உதிரும். அந்த ரேடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது, முள் மூன்று ஊர்களைத் தாண்டும்போது வெறும் கண்ணாடியில்தான் நகர்கிறது. ஆகவே கடையில் டயல் அழுக்காக இருந்தால் கவலையே வேண்டாம். கடைக்காரர் "துடைச்சுத் தரேன்" என்று துணியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

மரப்பெட்டியில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால், அதன் அடியில் மாவு மாதிரி புதுத் தூள் உதிர்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டு மரச்சாமான்களுக்கும் அது விருந்தாளியாக வரும். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள் ஓரத்தில் பிரிந்திருந்தால் ஒட்டிவிடலாம், பிய்ந்து போயிருந்தால் கஷ்டம். பேக்லைட் பெட்டியாக இருந்தால் விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். முழுப் பெட்டி கணீரென்று பதில் சொல்லும், விரிசல் இருந்தால் அதிர்வு உடைந்து கேட்கும். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் சோப்பு மாதிரி ஒரு நெடி வரும். அது வந்தால் பேக்லைட் என்று ஓரளவு நம்பலாம். பளபளவென்று வெள்ளையாகவோ சிவப்பாகவோ பெயின்ட் அடித்திருந்தால் உள்பக்கம் பாருங்கள், பழுப்பு நிறம் பல்லை இளிக்கும்.

வருஷத்துக்கு வருவோம். பழம்பொருள் கடைக்காரரைக் கேட்டால் எந்த ரேடியோவுக்கும் வயது குறைந்தது எண்பது, கூடினால் நூறு. கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம், டயலே சாட்சி சொல்லும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் ரேடியோக்களில் 'கிலோசைக்கிள்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1960-களைத் தாண்டாது. 'ஹெர்ட்ஸ்' என்ற அலகை உலக அளவில் 1960-இல் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஜெர்மன் ரேடியோக்களில் இந்தக் கணக்கு செல்லாது, அவர்கள் கிலோஹெர்ட்ஸை முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க ரேடியோவில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் வட்டத்துக்குள் முக்கோணம் இருந்தால் 1953-க்கும் 1963-க்கும் இடையில் செய்தது. அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மக்கள் திருப்ப வேண்டிய இரண்டு அலைவரிசைகள் அவை. அந்தக் குறியைப் போட்டே ஆக வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. அதே நாட்டில் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ்வரை எஃப்.எம். காட்டும் டயல் கிடைத்தால் விடாதீர்கள். 1945-இல் எஃப்.எம்-ஐ 88-க்கு மேலே தூக்கி வைக்க முடிவு செய்ததால் அந்த ரேடியோக்களின் எஃப்.எம். பட்டை சில வருடங்களில் ஊமையாகிவிட்டது. கேட்க உதவாது, வைத்துக்கொள்ள அருமையான சரித்திரம்.

வால்வின் அடிப்பாகமும் வயது சொல்லும். நடுவில் சாவி போன்ற முனையும் சுற்றி எட்டுக் கால்களும் உள்ள வகை 1935-இல் வந்தது. அடியில் பேக்லைட் இல்லாமல் கண்ணாடியிலிருந்தே ஏழு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வால்வுகள் அந்தப் பத்தாண்டின் கடைசியில் தலைகாட்டி, போருக்குப் பிறகு பரவின. "1930 சார், தாத்தா காலத்து ரேடியோ" என்று கொடுப்பதில் இந்தச் சின்ன வால்வுகள் தெரிந்தால் சிரித்துக்கொண்டே பேரத்தைத் தொடங்கலாம்.

பழசுபோல் செய்த புதுசும் இந்தக் கடைகளில் நிறைய உண்டு. கோயில் கோபுர வளைவு மாதிரி மேற்புறம் கூம்பிய மரப்பெட்டி, பித்தளை நிற வளையம், மஞ்சள் டயல். பார்த்தால் அசல் 1931 என்றே தோன்றும். பக்கவாட்டில் கையை விட்டுத் தடவுங்கள், கேசட் போடும் வாய் தட்டுப்படும். 1970-களிலிருந்து 90-கள்வரை இப்படி ஏராளமாகச் செய்தார்கள். 1920-களில் தொடங்கிய குரோஸ்லி போன்ற பெயர்களையே பின்னாளில் வேறு ஆட்கள் வாங்கிப் புதுப் பொருட்களுக்குச் சூட்டினார்கள். அவை மோசமான பொருட்கள் என்று சொல்லவில்லை, பாட்டு கேட்கத் தாராளமாகப் போதும். வால்வு ரேடியோ விலைக்கு வாங்குவதுதான் அநியாயம். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசல் பெட்டிக்குள் இரும்பு சேஸிஸும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும், இடுப்பு பேசும். நகல் பெட்டி பஞ்சு மாதிரி மேலே வரும்.

அடுத்தது உயிர் விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடையில் பிளக்கைச் சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். அவராகச் சொருகப் போனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒருமுறை நான் சொல்வதற்குள் ஒருவர் சொருகிவிட்டார். "பாருங்க, எவ்வளவு அழகா எரியுது!" டயல் விளக்கு எரிந்தது, பச்சைக் கண்ணும் மெல்ல விழித்தது. ஸ்பீக்கரில் வண்டு உறுமுவது போல ஒரு சத்தம். நிலையம் எதுவும் வரவில்லை. "ஏரியல் இல்லை, அதான்" என்றார். இரண்டு நிமிடத்தில் மெழுகு உருகும் வாசனை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே நடந்தது இது: முந்தைய வால்விலிருந்து கடைசி வால்வுக்கு ஓசையைக் கடத்தும் ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும், பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். அதன் வேலை ஓசையை விட்டு, டிசி மின்னழுத்தத்தைத் தடுப்பது. காகிதமும் மெழுகும் சுற்றிய அந்தப் பழைய கண்டன்சர் ஈரம் குடித்து மின்சாரத்தை ஒழுகவிட ஆரம்பித்தால், கடைசி வால்வின் கிரிட்டில் (மின்சார ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) பாசிட்டிவ் மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வால்வும், அதற்குப் பின்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். சில்லறைக் காசு சாமானைக் காப்பாற்றாமல் விட்டதற்குத் தண்டனை, கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மர். கடைசியில் அந்த ரேடியோவை நான்தான் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்திருந்தது.

இன்னொரு ஆபத்து, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரேடியோக்கள். அமெரிக்காவில் மில்லியன் கணக்கில் விற்ற ஐந்து வால்வு மேசை ரேடியோவில் வால்வுகளின் இழைகளை சீரியல் செட் பல்புபோல வரிசையாகக் கோத்துவிடுவார்கள். 12, 12, 12, 50, 35 வோல்ட். கூட்டினால் 121, அந்த நாட்டு மின்சாரத்துக்கு அப்படியே பொருந்தும். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். ஒரு இழை அறுந்தால் ஐந்தும் அணைந்துவிடும் என்பதால், 'முழுச் சாவு' என்று விலை குறைத்து விற்பதில் சிலது ஒரே வால்வில் உயிர்த்தெழும். அது நல்ல செய்தி. கெட்ட செய்தி, இவற்றில் பலவற்றில் மின்சாரத்தின் ஒரு ஒயர் நேராக இரும்பு சேஸிஸில் சேர்ந்திருக்கும். பிளக் எந்தப் பக்கம் சொருகப்படுகிறதோ அதைப் பொறுத்து சேஸிஸே ஷாக் அடிக்கும். குமிழ் கழன்று விழுந்து இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரேடியோவைத் தொடவே பயப்படுங்கள். குமிழைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியில் விரல் பட்டாலும் போதும். ஐரோப்பாவிலும் இப்படிச் செய்த ரேடியோக்கள் ஏராளம். 110 வோல்ட் ரேடியோவை 230 வோல்ட்டில் சொருகும் கூத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்பக்கம் வோல்ட் மாற்றும் சின்ன பிளக் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பொறுமை வேண்டும். ரப்பர் ஒயர் போட்ட காலத்து ரேடியோ என்றால் உறை பிஸ்கட் மாதிரி நொறுங்கும், அசைத்தாலே வெறும் கம்பி தெரியும். கண்டன்சர்களை மாற்றிய பின் முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, பழைய இழை பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடராக இணைத்துக் கொடுப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். சின்ன ரேடியோவுக்கு 40 அல்லது 60 வாட் போதும். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 250, 300 வோல்ட் தங்கியிருக்கும். இந்த வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கினால், வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இந்தப் பயமெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு, அல்லது முதல்முறை வாங்குபவர்களுக்கு, டிரான்சிஸ்டர் ரேடியோவைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஷாக் அடிக்காது, இடம் அடைக்காது, பழம்பொருள் கடைக்காரர்கள் இன்னும் அதை மதிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கண்ணாடிப் பெட்டியில் மரப்பெட்டி ரேடியோ ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டில் பழைய கடிகாரங்களோடு டிரான்சிஸ்டர்கள் கிடக்கும். 1954-இல் வந்த ரீஜென்சி டிஆர்-1, கடையில் விற்ற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ, நாலே நாலு டிரான்சிஸ்டரும் 22.5 வோல்ட் பேட்டரியும் கொண்டது. அது தட்டில் கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். ஆனால் 50-களின் கடைசி, 60-களின் தொடக்கத்து ஜப்பானிய, ஐரோப்பிய ரேடியோக்கள் நிறையவே கிடைக்கும். முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் உள்ளே எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஏஎஃப் 117 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஐரோப்பிய ரேடியோக்களுக்கு ஒரு விசித்திர வியாதி உண்டு. டிரான்சிஸ்டரின் உலோகக் கூட்டுக்குள் தகரம் மயிரிழை போலத் தானாக வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆக்கிவிடும். கூட்டோடு சேரும் நாலாவது காலை வெட்டிவிட்டால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். கடைக்காரருக்கு அது 'செத்த ரேடியோ', நமக்கு ஒரு வெட்டு.

பேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்ததையெல்லாம் கடையில் கொட்டாதீர்கள், விலை ஏறும். குறையைச் சொன்னால் பொய்யில்லாமல் சொல்லுங்கள், "பின்மூடி இல்லை, குமிழ் ஒன்று மாறியிருக்கிறது, ஒயர் முழுக்க மாற்ற வேண்டும்" என்று. திட்டவட்டமான குறைக்குத்தான் விலை இறங்கும், "இதெல்லாம் ஒரு விலையா" என்ற பெருமூச்சுக்கு இறங்காது. ஒரே ரேடியோ மூன்று மாதமாக அதே இடத்தில் தூசி தின்றுகொண்டிருந்தால் அவருக்கே அலுத்திருக்கும், அப்போது போங்கள். கிளம்பும்போது, "ஓடாதது, உடைஞ்சது ஏதாவது பின்னாடி கிடக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். என் சேகரிப்பில் சிறந்த இரண்டு ரேடியோக்கள் அந்த ஒரு கேள்விக்கு வந்தவை. ஒன்றுக்கு அவர் காசே வாங்கவில்லை, பக்கத்தில் இருந்த உடைந்த கிராமஃபோனையும் எடுத்துப் போகச் சொன்னார். (அந்த கிராமஃபோன் இன்றுவரை வீட்டில் சண்டைக்குக் காரணம்.)

வாங்குமுன் இன்னொன்றும் யோசியுங்கள். அதில் என்ன கேட்கப் போகிறீர்கள்? நீள அலை, மத்திய அலை ஒலிபரப்புகள் பல நாடுகளில் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. பிரான்சில் ஃபிரான்ஸ் இன்டர் நிலையம் 2016 முடிந்ததோடு நீள அலையை நிறுத்தியது. அயர்லாந்தின் நீள அலை 2023-இல் நின்றது. நீங்கள் இருக்கும் இடத்தில் மத்திய அலையில் என்ன வருகிறது என்று ஒரு சின்ன ரேடியோவை வைத்து ராத்திரியில் சோதித்துப் பாருங்கள். நிலையம் இருந்தாலும் எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜரும் போடும் இரைச்சலில் பாதி அமுங்கிப் போகும். ஒன்றுமே வராவிட்டாலும் வழி இருக்கிறது: வீட்டுக்குள் மட்டும் எட்டும் அளவுக்கு மத்திய அலையில் ஒலிபரப்பும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. போனிலிருந்து பாட்டை அதில் கொடுத்தால் ரேடியோ அதை நிலையமாகப் பிடித்துப் பாடும். அதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ளூடூத் பலகையை வைக்கும் வேலையை, பெட்டியைத் தவிர எல்லாம் ஏற்கெனவே போய்விட்ட ரேடியோவில் செய்யுங்கள். முழு சேஸிஸ் உள்ளதில் செய்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி, நீங்கள் பார்த்த அந்த ரேடியோ. 1930 நிச்சயம் இல்லை. பச்சைக் கண் என்ற வால்வை அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 6இ5 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1935-இல்தான். பியானோ கட்டை பட்டன்கள் 1950-களின் ஐரோப்பிய பாணி. டயலில் யு.கே.டபிள்யூ. என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள், ஜெர்மன் மொழியில் எஃப்.எம். பட்டைக்கு அதுதான் பெயர். ஜெர்மனியில் அந்த ஒலிபரப்பு 1949-இல் தொடங்கியது. ஆக 50-களின் ரேடியோ என்ற கணக்கில் விலை பேசுங்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவை மிக அதிகமாக உற்பத்தியாயின. பெரிய பெட்டி என்பதால் இன்று வீடுகளில் வைக்க இடமில்லாமல் வெளியே வருகின்றன. அபூர்வம் இல்லை, ஆனால் ஓசை விஷயத்தில் அந்தப் பத்தாண்டின் ஜெர்மன் ரேடியோக்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய ஸ்பீக்கரும் கனமான மரப்பெட்டியும் சேர்ந்து தரும் அந்தக் குரல் சின்னப் பெட்டிகளில் வராது. எஃப்.எம். இருப்பதால் உங்கள் பகுதியில் எஃப்.எம். நிலையங்கள் இருக்கும்வரை கேட்க ஏதாவது கிடைக்கும். சில பழைய டயல்கள் 100 மெகாஹெர்ட்ஸிலேயே முடிந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் நிலையங்கள் வராது.

ஏற்கெனவே அவர் ஓட்டிக் காட்டியிருந்தால், கண் எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எரிந்து எரிந்து அதன் பூச்சு தேய்ந்துபோகும். கடை வெளிச்சத்தில் அரைகுறையாகத் தெரிந்தால் ஆயுள் முடிந்த கண், சில வகைகளுக்கு மாற்று வால்வு மற்ற எல்லா வால்வுகளையும்விட விலை. பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், ஒன்றை அழுத்தினால் மற்றது மேலே வர வேண்டும். உடைந்த பட்டனுக்கு மாற்று கிடையாது. குமிழ்கள், பின்மூடி, டயல் எழுத்துகள் எல்லாம் முழுசாக இருந்து, எலி வாடை இல்லாமல் இருந்தால், ஓடாத ரேடியோ என்ற விலைக்குப் பேசி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிளக்கை ஒயரிலிருந்து கழற்றி டிராயரில் போட்டுவிடுங்கள். நீங்கள் கண்டன்சர் வாங்கப் போன நேரம் பார்த்து வீட்டில் யாராவது ஆசையாகச் சொருகிப் பார்ப்பார்கள்.